காலண்டரைக் கிழித்துவிட்டு மொட்டை மாடிக்கு வாருங்கள்: வேலை முடிந்த மாலைகளில் வானம் பார்க்கப் பழகுதல்

உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? அதன் அருகில் போய்ப் பாருங்கள். தேதிக்குக் கீழே திதி, ராகுகாலம், எமகண்டம் ஆகியவற்றுக்கு நடுவில் "கார்த்திகை மாலை 4.12 வரை, பின்பு ரோகிணி" என்பது போல ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். நல்ல நாள் பார்ப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். மற்றவர்கள் கிழித்துக் குப்பையில் போடுகிறார்கள். இன்று நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. வானத்தில் ஒரு முகவரியை நாள் தவறாமல் அச்சிட்டு நம் வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முகவரிக்குப் போய்ப் பார்ப்பவர்கள்தான் மிகக் குறைவு.

நான் திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏழு மணிக்கு வீடு திரும்பினால் தூங்கப் போகும் வரை மூன்று மணி நேரம் இருக்கும். பல ஆண்டுகளாக அந்த மூன்று மணி நேரத்தைக் கைப்பேசி தின்றது. இப்போது அதில் முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் போகிறது, அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் அன்றைய நாளில் எனக்கே எனக்கென்று இருக்கிறது. பெரிய செலவு இல்லை, வகுப்பு இல்லை, எங்கும் பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை. சோதிடத்தில் நம்பிக்கை இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நிலா நிற்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எப்படிப் போகலாம் என்பதை, நான் போன வழியிலேயே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்

நகரத்தில் நட்சத்திரமே தெரியாது என்று பலர் முதல் நாளே கைவிடுகிறார்கள். உண்மையில் நம்மைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஊர் வெளிச்சத்தைவிட, எதிரே நேராகக் கண்ணில் அடிக்கும் ஒரே ஒரு தெருவிளக்குதான். அதை மறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் என் இடம். தொட்டி இல்லாதவர்கள் துணி காயப்போடும் கொடியில் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிடலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மாடிக் கதவு பூட்டியிருக்கும். சங்கச் செயலாளரிடம் காரணத்தைச் சொல்லிச் சாவி கேளுங்கள். ஒரு நாள் அவரையும் கூட்டிப்போய் நிலாவைக் காட்டிவிட்டால் அதன்பின் சாவிக்குப் பிரச்சினை வராது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியாக இருந்தால் அண்ணாந்து பார்த்தபடி நடக்கவே கூடாது. பாயை விரித்து உட்கார்ந்தோ படுத்தோதான் பார்க்க வேண்டும். எந்த மாடியிலும் அதுவே நல்லது, கழுத்து வலிக்காது.

இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். குறிப்பெழுத வெளிச்சம் வேண்டுமென்றால் சின்ன டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு ஒளி கண்ணின் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. கொசுவத்திச் சுருளை மறக்காதீர்கள்.

வளர்பிறை: நிலாவின் பின்னால் போங்கள்

தொடங்குவதற்கு நல்ல நாள் அமாவாசை கழிந்த மூன்றாம் பிறை. நம் பாட்டிமார் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ரமலான் மாதம் தொடங்கும்போது பள்ளிவாசல் மாடிகளில் பிறை தேடி நிற்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் மேற்கு அடிவானத்தின் மேலே தேடுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பிறை இங்கே பெரும்பாலும் மல்லாந்து, படகு போலக் கிடக்கும். அதன் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பூமியில் பட்ட வெயில் நிலாவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. அதுதான் அந்த ஒளி.

அடுத்த நாள் அதே நேரம், அதே இடத்தில் உட்காருங்கள். நிலா கிழக்கு நோக்கி நகர்ந்து சற்று மேலே ஏறியிருக்கும். எவ்வளவு? கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. நிலா நாளொன்றுக்கு 13 பாகை நகர்கிறது, அதாவது ஒரு முட்டியும் கொஞ்சமும். வட்டத்தின் 360 பாகையை 27 நட்சத்திரங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குப் பதின்மூன்றே கால் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. நிலா ஒரு நாளில் கடக்கும் தூரமும் ஒரு நட்சத்திரத்தின் பங்கும் கிட்டத்தட்ட ஒன்று. காலண்டரில் நாளுக்கு ஒரு நட்சத்திரமாக ஏன் மாறுகிறது என்பது, இரண்டு மாலைகள் முட்டியால் அளந்து பார்த்தவருக்கு யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. நாற்பது வயது வரை தினம் காதில் விழுந்த ஒரு சொல்லுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது.

இனி காலண்டரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். மாலையில் தாளைப் பார்த்து அன்றைய நட்சத்திரத்தையும் அது எத்தனை மணி வரை என்பதையும் குறித்துக்கொண்டு மேலே போங்கள். சில பஞ்சாங்கங்கள் நேரத்தை நாழிகையில் கொடுக்கும். சூரியன் உதித்ததிலிருந்து எண்ண வேண்டும், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வேறுபாடு இருக்கலாம். மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு அது இடைஞ்சல் ஆகாது.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழம்பிப் போவீர்கள். எல்லா நட்சத்திரங்களையும் நிலா உரசிக்கொண்டு போவதில்லை. கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை, கேட்டை ஆகியவை நிலாவின் பாதையை ஒட்டியே இருப்பவை. சுவாதி, திருவாதிரை, திருவோணம் ஆகியவை நல்ல ஒளியோடு இருந்தாலும் பாதையை விட்டு வெகுதூரம் தள்ளியிருப்பவை. ரேவதி பாதையில்தான் இருக்கிறது, ஆனால் நகர வானத்தில் தெரியாத அளவுக்கு மங்கல். ஆகவே முதல் பட்டியலில் இருக்கும் ஆறையும் முதலில் பிடியுங்கள்.

என் அம்மாவின் நட்சத்திரம் கார்த்திகை. அறுபத்து மூன்று ஆண்டுகளாகக் கோயில் அர்ச்சனைத் தட்டோடு அதைச் சொல்லி வந்தவர் அதை வானத்தில் பார்த்ததில்லை. பங்குனியில் ஒரு கார்த்திகை நாள், நாலாம் பிறை. மாலை ஏழே கால் மணிக்கு முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மேற்கே பிறை. அதன் பக்கத்தில், திருஷ்டிப் பொட்டு அகலத்தில், பொடியாக அள்ளித் தெளித்தது போல ஒரு கொத்து. நேராகப் பார்த்தபோது அவருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள் அம்மா" என்றேன். மங்கலான ஒளியை விழியின் ஓரம்தான் நன்றாக வாங்கும். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு விரலை மடக்கி எண்ணினார். "ஐந்து... ஆறு. இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்ததா?" என்று கேட்டார். அன்று அவர் கீழே இறங்க ஒன்பது மணி ஆயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் இருக்குமானால், அவரவர் நட்சத்திரத்தை அவரவருக்குக் காட்டுவது என்பதையே முதல் ஆண்டின் வேலையாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்களை மாடிக்கு வரவைக்க இதைவிட நல்ல அழைப்பு எனக்குத் தெரியாது.

தேய்பிறை: நிலா இல்லாத மாலைகள்

பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் கழிந்தால் நிலா தாமதமாகத்தான் எழும். நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தங்கும். அந்த இருண்ட முன்னிரவுகள் நட்சத்திரங்களுக்கானவை. எந்த நட்சத்திரமும் நேற்றைவிட இன்று நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே ஒரே நேரத்தில் மாடிக்குப் போனாலே, ஆண்டு முழுவதும் வானம் தானாக உங்கள் முன்னால் ஊர்வலம் போகும்.

தொடங்குவதற்கு மார்கழி, தை, மாசி மூன்றும் பொன்னான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், பனியும் இதமாக இருக்கும். மார்கழியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில், சம இடைவெளியில், கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். வானத்தில் இதைப்போல் வேறொன்று இல்லை, தவறவே விட முடியாது. அதற்கு இடப்பக்கம் செம்மை கலந்து ஒளிர்வது திருவாதிரை. வலப்பக்கம் நீல வெண்மையாக இருப்பது ரைஜல். இவை இரண்டும் எதிரெதிர் மூலைகளாக நிற்கும் நான்கு மூலைச் சட்டத்தைத்தான் மேலைநாட்டார் ஓரியன் என்கிறார்கள். மூன்று நட்சத்திர வரிசையை மேல்நோக்கி நீட்டினால் செந்நிற ரோகிணிக்குப் போய்ச் சேரும். அதற்கும் மேலே கார்த்திகைக் கொத்து. கீழ்நோக்கி நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். இந்த ஒரு கோட்டைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் மறக்காது.

மாசி மாதம் முன்னிரவில் தெற்கே, அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் தனியாக ஒளிரும் ஒரு நட்சத்திரத்தைத் தேடுங்கள். அகத்தியர் நட்சத்திரம். பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்தது. தில்லியில் இருப்பவர்களுக்கு அது ஒரு முட்டி உயரம்கூட ஏறாது, லண்டனில் ஒருபோதும் தெரியாது. தெற்கே வாழ்வதன் பலன்களில் இதுவும் ஒன்று. இதற்கு ஈடாக, துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கிறது. எதிர்வீட்டு மாடி பெரும்பாலும் அதை மறைத்துவிடும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் வடக்கே அகப்பை வடிவில் சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். அகப்பையின் காம்பை வளைவாக நீட்டிக்கொண்டே போனால் முதலில் சுவாதி, பிறகு சித்திரை. சித்திரைக்கு அருகில் உள்ளங்கை விரித்தது போலச் சிறிய கூட்டம் அஸ்தம். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக நிற்பது அருந்ததி. எங்கள் திருமணத்தில் பகல் முகூர்த்தத்தில் வானத்தைக் காட்டிச் சொன்ன அருந்ததியை நானும் என் மனைவியும் கண்ணால் பார்த்தது பதினோரு ஆண்டுகள் கழித்து ஒரு வைகாசி இரவில். அதே இரவில் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு என்னும் சிலுவையும் தெரிந்தது.

ஆனி, ஆடியில் தெற்கே தேள் வடிவத்தில் விருச்சிகம் வரும். அதன் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, வால் நுனியில் மூலம். ஆவணி, புரட்டாசியில் உச்சி வானத்துக்கு அருகே மூன்று நட்சத்திரங்கள் நேர்க்கோட்டில், நடுவில் இருப்பது மட்டும் பளிச்சென்று: திருவோணம். ஐப்பசியில் மேகம்தான். அந்த மாதத்தைப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோள்கள்

மற்ற நட்சத்திரங்கள் மின்ன, ஒன்று மட்டும் அசையாத விளக்கு போல நின்று ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் கோள். நம் முன்னோர் நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பிரித்துச் சொன்னார்கள். சூரியன் மறைந்ததும் மேற்கே கண்ணைப் பறிப்பது வெள்ளி. அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, ஆகவே நள்ளிரவில் நம் வானத்தில் தெரியாது. வியாழனையும் சனியையும் கண்டுபிடிக்க மீண்டும் பஞ்சாங்கமே உதவும். அதன் ராசிக் கட்டத்தில் குரு சிம்மத்தில் என்று போட்டிருந்தால், மகம், பூரம் இருக்கும் பகுதியில் தேடுங்கள். வியாழன் ஒரு ராசியைக் கடக்க ஓராண்டு, சனிக்கு இரண்டரை ஆண்டு. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று பேசப்படுவது இந்த நகர்வைத்தான்.

கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் போன்ற வானப்பட செயலிகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் முதல் இரண்டு மாதம் அவற்றைத் தொடாதீர்கள் என்பேன். கையைத் தூக்கிக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி, தேடும் பழக்கத்தை வளர விடாது. நீங்களாக ஒரு முடிவுக்கு வந்த பிறகு, சரிதானா என்று பார்க்க மட்டும் திறங்கள்.

தொலைநோக்கி வாங்கலாமா?

முதல் ஆண்டு வேண்டாம். பெட்டியின் மேல் 500 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருந்த ஒன்றை நான் வாங்கி ஏமாந்தேன். முக்காலி ஆடும். ஆடுகிற முக்காலியில் எந்தப் பொருளும் கண்ணில் நிற்காது. உருப்பெருக்கத்தைவிட, எவ்வளவு ஒளியைத் திரட்டுகிறது என்பதும் நடுங்காமல் நிற்கிறதா என்பதும்தான் முக்கியம்.

அதற்குப் பதில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். அதன்மேல் 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10-க்கு மேல் போனால் கை நடுக்கமே பெரிதாகத் தெரியும். கடையில் வாங்கும்போது தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தால் வேண்டாம், வேறொன்றைக் கேளுங்கள். மாடியில் பார்க்கும்போது முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மிக அழுத்திச் சொல்ல வேண்டும். பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது, பார்வை போய்விடும். பகலில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

முதலில் நிலாவைப் பாருங்கள். பௌர்ணமி அன்று அல்ல. அன்று நேர் வெயில், எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியிலிருந்து தசமி வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். அடுத்து வியாழன். அதன் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனைகளாக நான்கு நிலவுகள், 1610-இல் கலிலியோ பார்த்தவை. மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். கார்த்திகையில் ஆறு என்று எண்ணிய இடத்தில் பல பத்து நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். ஓரியனின் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே பனிமூட்டம் போல ஒரு திட்டு, ஏறக்குறைய 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம்.

பூசத்தையும் பாருங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் நம்மில் எத்தனை பேர் பூசத்தைப் பார்த்திருக்கிறோம்? அந்த நாளில் முழுநிலா பக்கத்திலேயே நிற்பதால் வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. பத்து நாள் கழித்து, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கும் மகத்துக்கும் நடுவில் பைனாகுலரை மெல்ல நகர்த்துங்கள். எதுவுமே இல்லாதது போலிருந்த இருட்டில் திடீரென்று நட்சத்திரக் கூட்டம் ஒன்று தேன்கூடு போல மொய்க்கும். அதன் பக்கத்தில் இருப்பதுதான் பூசம்.

எழுதி வையுங்கள், கூட்டத்தோடும் சேருங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது, என்ன பார்த்தேன், எதைத் தேடிக் கிடைக்கவில்லை. நான்கு வரிக்கு மேல் எழுத வேண்டாம், எழுதுவதே சுமையானால் மாடி ஏறுவது நின்றுவிடும்.

தனியாகச் சலிக்கிறது என்றால், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பல ஊர்களில் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள், உங்கள் மாவட்டத்தில் விசாரியுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கமும் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வேலை செய்கிறது. போவதற்கு முன் பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாம் ஆண்டில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வான் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் தென்வானத்து நட்சத்திரம் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று பாடுபட்டவரும் அவர்தான். அவர் செய்த அடிப்படை வேலையை, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒளியை ஒப்பிடுவதை, மொட்டை மாடியில் வெறுங்கண்ணாலேயே செய்யலாம்.

அதற்கு ஏற்றது திருவாதிரை. 2019-இன் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும் அளவுக்கு ஒளி குறைந்தது. வழக்கமாகத் தன்னைவிட மங்கலாக இருக்கும் ரோகிணிக்கும் கீழே போயிற்று. அது கக்கிய பொருள் குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்று பின்னர் விளக்கினார்கள். அந்த மார்கழியிலும் நாம் திருவாதிரைக் களி செய்தோம், அண்ணாந்து பார்த்தவர் சிலரே. மார்கழி முதல் பங்குனி வரை வாரம் ஒரு மாலை திருவாதிரையையும் ரோகிணியையும் மாறிமாறிப் பாருங்கள். எது பிரகாசம், எவ்வளவு பிரகாசம்? கண்ணுக்குப் பட்டதை அப்படியே அந்த நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.